மூணுல எந்த ரெண்டு?

உங்ககிட்ட ஒரு கேள்வி. வீட்ல மூணு பழைய பொருள் இருக்கு. ஒண்ணு அப்பா காலத்துல வாங்கினது. இன்னொண்ணு ஊரை விட்டுப் போன ஒருத்தர் நம்பிக் கொடுத்துட்டுப் போனது. மூணாவது, உயிர் நண்பன்கிட்ட இருந்து வந்தது. திடீர்னு ஒருநாள் கவர்ன்மென்ட் சொல்லுது, ‘ரெண்டுதான் வெச்சுக்கலாம். ஒரு வருஷம் டைம்!’

எதை அனுப்புவீங்க?

‘இதென்ன பாஸ், கவுன்சிலிங்ல காலேஜ் செலக்ட் பண்றதைவிடக் கஷ்டமா இருக்கே’ன்னு தலையைச் சொறியுறீங்களா? இன்னும் ஒரு தகவல் மிச்சம் இருக்கு. அந்த மூணும் பழைய ரிவால்வர்கள்!

பயந்துடாதீங்க. இது தாதா கதை இல்லை. என் ஹாஸ்டல் ரூம்மேட்டோட தாத்தா கதை.

போன செமஸ்டர் லீவுக்கு அவங்க ஊருக்குப் போயிருந்தேன். சேலத்துக்கு மேலே மலைமேல சின்னதா ஒரு காபி எஸ்டேட். ‘தாத்தாகிட்ட மூணு ரிவால்வர் இருந்துச்சுடா. இப்ப ரெண்டுதான்’ என்று பஸ்ஸிலேயே ரூம்மேட் கொளுத்திப் போட்டுட்டான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு அப்புறம் தூக்கம் வருமா? மறுநாள் காலையில் காபி டம்ளரோடு தாத்தா முன்னாடி ஆஜர்.

தாத்தாவுக்கு வயசு 78. செம ஷார்ப். இரும்பு பீரோவைத் திறக்கும் முன்னாடியே கண்டிஷன் போட்டார். “ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டுப் பாருங்க. தொடக் கூடாது. லைசென்ஸ் என் பேர்ல இருக்கு, உங்க பேர்ல இல்ல கண்ணு.”

கட்டினோம். கிட்டத்தட்ட ஸ்கூல் அசெம்பிளி போஸ்!

பீரோவுக்குள்ளே மூணு கதை

பீரோவின் உள் அறையில் மரத்தில் மூணு பள்ளம் செதுக்கி, பச்சைத் துணி ஒட்டியிருந்தார்கள். ரெண்டு பள்ளத்தில் ஆள் இருந்தது. மூணாவது காலி.

முதலாவது வெப்ளி அண்ட் ஸ்காட், .32. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துச் சரக்கு. தாத்தாவோட அப்பா வாங்கியது. பேரலுக்குப் பின்னாடி இருக்கிற நெம்புகோலைக் கட்டை விரலால் தள்ளினால், துப்பாக்கியே ரெண்டாக மடங்கி, ஆறு காலி கேஸையும் நட்சத்திர வடிவத் தகடு ஒண்ணு ஒரே தள்ளாகத் தள்ளி வெளியே போட்டுவிடும். நம்ம ஊர் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி தயாரிக்கும் .32 ரிவால்வருக்கும் இந்த வெப்ளி டிசைன்தான் அடிப்படை.

ரெண்டாவது கோல்ட் கம்பெனியின் ‘போலீஸ் பாசிட்டிவ்’, இதுவும் .32. ஐம்பதுகளில் எஸ்டேட்டை வித்துட்டு ஊருக்குக் கப்பல் ஏறிய ஒரு வெள்ளைக்காரத் துரை, தாத்தாவோட அப்பாவுக்கு விற்றது. பெயரில் இருக்கிற ‘பாசிட்டிவ்’ சும்மா கெத்துக்கு வெச்சது இல்லை. 1905-ல் கோல்ட் கொண்டு வந்த ‘பாசிட்டிவ் லாக்’ என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் அடையாளம். விசையை முழுசா இழுத்தால் ஒழிய, அடிக்கிற சுத்தியலுக்கு முன்னாடி ஒரு சின்ன இரும்புத் துண்டு குறுக்கே நிற்கும். கை தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காது.

மூணாவது, இப்போது இல்லாதது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ‘ஹேண்ட் எஜெக்டர்’, .32. பளபளன்னு நிக்கல் முலாம் பூசினது. எழுபதுகளில் தாத்தாவோட நண்பர் பணக் கஷ்டத்தில் இருந்தபோது, முறைப்படி லைசென்ஸில் ஏற்றி இவர் வாங்கிக்கொண்டது.

“1983-ல மூணுக்கு மேல கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. எங்கிட்ட கரெக்டா மூணு. தப்பிச்சேன்னு சிரிச்சேன். முப்பத்தாறு வருஷம் கழிச்சு வந்து மாட்டிக்கிட்டேன்” என்றார் தாத்தா.

என்ன அந்தச் சட்டம்?

நம்ம நாட்டில் துப்பாக்கிக்கு அடிப்படை 1959-ம் வருட ஆயுதச் சட்டம். 1983-ல் அதைத் திருத்தி, ஒருத்தருக்கு அதிகபட்சம் மூணு என்றார்கள். 2019 நவம்பரில் அடுத்த திருத்த மசோதா வந்தது. முதலில் ‘ஒருத்தருக்கு ஒண்ணு’ என்றுதான் இருந்தது. தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிற குடும்பங்களின் எதிர்ப்புக்கு அப்புறம் ‘ரெண்டு’ என்று மாற்றி, டிசம்பரில் நிறைவேற்றினார்கள். கூடுதலாக வைத்திருப்பவர்கள் பிடித்த ரெண்டை வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு வருடத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். பரம்பரைச் சொத்தாக வந்தாலும் ரெண்டுதான் கணக்கு.

அதாவது, தாத்தாவுக்குக் கெடு 2020 டிசம்பர். நடுவுல கொரோனா லாக்டவுன். “எல்லாரும் வீட்ல உட்கார்ந்து டி.வி. பார்த்தீங்க. நான் பீரோவைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்” என்கிறார்.

மத்த ஊர்ல எப்படி?

எதை வெச்சுக்கறதுன்னு முழிச்சது நம்ம தாத்தா மட்டும் இல்லை. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் நுழைந்து 16 குழந்தைகளையும் ஒரு டீச்சரையும் சுட்டுக் கொன்றான். நாடே அதிர்ந்தது. 1997-ல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து முழுக்கக் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கைத்துப்பாக்கிகளை மக்கள் ஒப்படைத்தார்கள்.

ஆனால், அந்தச் சட்டமே ஏழாவது பிரிவில் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்தது. 1919-க்கு முன்னாடி செய்தது, தோட்டா சுலபமாகக் கிடைக்காத ரகம் என்றால், அனுமதியோடு வீட்டில் சேகரிப்பாக வைத்துக்கொள்ளலாம். இன்னும் ஒரு வகை உண்டு. அபூர்வமானது, அழகானது, தொழில்நுட்பரீதியாக முக்கியமானது, சரித்திர முக்கியத்துவம் உள்ளது... இதில் ஏதாவது ஒண்ணு இருந்தால், அரசு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வைத்துப் பயன்படுத்தலாம். ‘எதை வைத்துக்கொள்வது?’ என்ற கேள்விக்கு ஒரு நாட்டின் சட்டப் புத்தகமே மார்க் ஸ்கீம் போட்டுக் கொடுத்திருக்கு, பார்த்தீங்களா?

அமெரிக்காவில் தலைகீழ். மத்தியச் சட்டத்தில் எண்ணிக்கைக்கு வரம்பே கிடையாது. 1898 அல்லது அதற்கு முன்னாடி தயாரானதை 1968-ம் வருடச் சட்டம் ‘ஆன்டிக்’ என்று தனியாக ஒதுக்குகிறது. 50 வயசு தாண்டிய துப்பாக்கிகளைச் சேகரிக்கிறவர்களுக்கென்றே தனி லைசென்ஸ் உண்டு. அங்கே ‘போதும்’ என்று சொல்ல வேண்டியது சட்டம் இல்லை. சேர்க்கிறவரின் பர்ஸும் வயசும் பெண்டாட்டியும்தான்!

கல்கத்தா கப்பலில் பிறந்த ஐடியா

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1830-ல் அமெரிக்காவில் இருந்து ‘கோர்வோ’ என்ற கப்பல் நம்ம கல்கத்தாவுக்குக் கிளம்பியது. அதில் வேலைக்குச் சேர்ந்தவன் 16 வயசுப் பையன் சாமுவேல் கோல்ட். கப்பலில் சுழன்று சுழன்று பூட்டிக்கொள்ளும் சக்கரத்தைப் பார்த்து, சுழலும் துப்பாக்கிக்கு மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினானாம். 1836-ல் அமெரிக்க பேட்டன்ட் வாங்கினபோது அவனுக்கு 21 வயசு. அதாவது, நம்ம ஃபைனல் இயர் வயசு! (நமக்கு ப்ராஜெக்ட் டைட்டிலே இன்னும் கிடைக்கலை.)

கைனமாடிக்ஸ் பேப்பரில் ‘ராட்செட் அண்ட் பால்’ மெக்கானிசம் படம் போட்டு மார்க் வாங்கியிருப்பீர்கள். ரிவால்வரின் உயிரே அதுதான். விசையை இழுத்தால் ஒரு சின்னக் கொக்கி எழும்பி, சிலிண்டர் பின்னாடி இருக்கிற பல்லைத் தள்ளும். சிலிண்டர் ஆறில் ஒரு பங்கு சுற்றும். இன்னொரு தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்து, அறையும் பேரலும் நேர்க்கோட்டில் வரும்படி பூட்டும். பூட்டிய பிறகுதான் சுத்தியல் விழும். இது எல்லாமே ஒரே இழுப்பில்! இதை ‘டைமிங்’ என்கிறார்கள். கொக்கி தேய்ந்துபோனால் டைமிங் தப்பும். அப்படித் தப்பின துப்பாக்கி சுடுகிறவருக்கே ஆபத்து.

இன்னொரு சுவாரஸ்யம். தோட்டாவைப் பின்பக்கம் வழியாகப் போடுகிற மாதிரி சிலிண்டரை முழுசாகத் துளைக்கிற ஐடியாவுக்கு 1855-ல் பேட்டன்ட் வாங்கியவர் ரோலின் வைட். அதன் உரிமையைப் பிடித்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். துப்பாக்கிக்கு 25 சென்ட் ராயல்டி. ஆனால், யாராவது காப்பியடித்தால் கேஸ் நடத்துகிற செலவு வைட் தலையில். வந்த ராயல்டியில் பெரும்பகுதி கோர்ட்டுக்கே போனது. 1869-ல் பேட்டன்ட் காலாவதியாகும் வரை கோல்ட் கம்பெனியால் அந்த வழியைத் தொட முடியவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் 1873-ன் புகழ்பெற்ற ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’. வெஸ்டர்ன் படங்களில் கௌபாய் இடுப்பில் தொங்குமே, அதேதான். அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடும் முன்னாடி படிச்சுப் பாருங்க மக்களே!

இந்த ரெண்டு கம்பெனியின் சண்டை டிசைனிலும் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் கோல்ட் சிலிண்டர் கடிகாரம் போகிற திசையில் சுற்றும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எதிர்த் திசையில். சிலிண்டரைத் திறக்க கோல்ட்டில் பொத்தானைப் பின்னாடி இழுக்கணும், மற்றதில் முன்னாடி தள்ளணும். தாத்தா பீரோ முன்னாடி நின்று, ஆளில்லாத மூணாவது பள்ளத்தைக் காட்டி, காற்றிலேயே கட்டை விரலைத் தள்ளிக் காட்டினார். அந்த விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே!

சேகரிக்கிறவர்களுக்கென்று சில அளவுகோல்கள் உண்டு. தாத்தா லாக்டவுனில் இதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி, மூணு துப்பாக்கிக்கும் மார்க் போட்டிருக்கிறார். நம்ம இன்டர்னல் மாதிரியே!

முதல் கேள்வி, ஒரிஜினலா? பழைய ரிவால்வரின் கருநீல நிறம் பெயின்ட் இல்லை. இரும்பின் மேல்தோலையே பக்குவமாக ஆக்ஸைடாக மாற்றியது. முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் படித்தோமே, Fe₃O₄ என்கிற கறுப்பு ஆக்ஸைடு, அதேதான். சிவப்புத் துருவைத் தடுக்க, கறுப்புத் துருவையே காவலுக்கு வைப்பது என்றும் சொல்லலாம். இது தேய்ந்து வெளுத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை, அதுதான் மதிப்பு. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி இதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு பாதியாகிவிடும். நம்ம வீட்டில் இதைப் புரியவைப்பது கஷ்டம்.

ரெண்டாவது, எல்லாப் பாகமும் ஒண்ணா பிறந்ததா? பழைய துப்பாக்கிகளில் ஒரே நம்பரை அல்லது அதே குறியைப் பல பாகங்களில் அடித்திருப்பார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு பாகம் வேறு வீட்டு மருமகள்.

மூணாவது, ஆரோக்கியம். டைமிங் சரியா, சிலிண்டர் ஆடுதா, பேரல் உள்ளே குழி விழுந்திருக்கா?

நாலாவது, கதைக்குச் சாட்சி இருக்கா? ‘ஒரு ராஜா வெச்சிருந்தது’ன்னு யார் வேணாலும் சொல்லலாம். பில், கடிதம், பழைய லைசென்ஸ் புத்தகம், ஏதாவது காகிதம் வேணும். கோல்ட் கம்பெனியிடம் கட்டணம் கட்டி சீரியல் நம்பரைக் கொடுத்தால், அது எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று பழைய ரெஜிஸ்தரைப் பார்த்துக் கடிதமே தருகிறார்கள்.

இந்த நாலாவது கேள்வியோட பவரைப் பாருங்க. 2019 ஜூனில் பாரிஸ் ஏலத்தில் ஒரு ரிவால்வர் 1,62,500 யூரோவுக்குப் போனது. நம்ம காசுக்கு அப்போது சுமார் ஒன்றேகால் கோடி. அதன் நிலைமை? துருப்பிடித்து அரித்துப்போன இரும்பு. காயலான் கடையில் கொடுத்தால் பேரீச்சம்பழம்கூடக் கிடைக்காது! ஆனால், ஓவியர் வான்கா 1890-ல் தன்னைச் சுட்டுக்கொண்டது இதுவாக இருக்கலாம் என்று நம்புகிறார்கள். அவர் கடைசியாக வாழ்ந்த ஊரின் வயலில் ஒரு விவசாயி கண்டெடுத்தது. 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸில் அதைவிடப் பெரிய தொகை. ‘பில்லி த கிட்’ என்ற கொள்ளைக்காரனை 1881-ல் ஷெரீஃப் பேட் காரெட் சுட்ட கோல்ட் ரிவால்வர், 60 லட்சம் டாலருக்கும் மேல் போனது. ரூபாயில் சுமார் 45 கோடி! அதே மாடல் கோல்ட் எத்தனையோ இருக்கு. அந்தக் கதையும் அதற்கான காகிதமும் இதற்கு மட்டும்தான்.

தாத்தாவின் தீர்ப்பு

இப்போ தாத்தாவின் நோட்டுக்கு வருவோம். பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

வெப்ளி: தேய்ஞ்சு போச்சு. டைமிங் லேசா தப்புது. சுட லாயக்கில்லை. மார்க் கம்மி.

கோல்ட்: ஒரிஜினல் நிறம் முக்கால்வாசி இருக்கு. துரை கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கு. ஃபர்ஸ்ட் ரேங்க்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்: பார்க்க மூணுலயே அழகு. ஆனா...

“அதோட சுத்தியலும் ட்ரிகரும்கூட வெள்ளையா மின்னும் தம்பி. கம்பெனியில நிக்கல் போட்டா அந்த ரெண்டுக்கும் போட மாட்டாங்க. அதை மட்டும் வேற மாதிரி பதப்படுத்தி, கலர் கலரா விட்டிருப்பாங்க. அதுக்கும் சேர்த்து முலாம் இருந்தா, பின்னால எவனோ கைவெச்சிருக்கான்னு அர்த்தம். எழுத்தோட விளிம்பும் மழுங்கியிருந்துச்சு” என்றார்.

நான் உடனே, “அப்ப ஈஸிதானே தாத்தா? ஒரிஜினல் இல்லாததை அனுப்பிட்டீங்க!” என்றேன்.

தாத்தா நோட்டை மூடிவிட்டார். “மார்க்கைப் பார்த்தா ரெண்டாவதா போக வேண்டியது வெப்ளி. சுடவே முடியாதது எதுக்குன்னு டீலரே கேட்டான். அது எங்கப்பா இடுப்புல இருந்தது. அனுப்ப மனசு வரலை. கோல்ட்டுக்கு வெளிய நல்ல விலை. எண்பதுகளுக்கு அப்புறம் தனியாளுங்க வெளிநாட்டுல இருந்து இறக்க முடியாததால, பழைய ஃபாரின் ரிவால்வர்னா இங்க லட்சத்துலதான் பேச்சு. ஆனா, பத்திரமா பார்த்துக்குவேன்னு எங்கப்பா துரைக்கு வாக்குக் கொடுத்தது. மிச்சம் இருந்தது நானே வாங்கினது. என் நண்பனோடது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டே நின்றோம்.

நண்பர் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2020-ல் தாத்தா அவர் மகனுக்கு போன் போட்டார். மகனிடம் லைசென்ஸ் இருந்தது, துப்பாக்கி ஒண்ணுதான் இருந்தது. ‘உங்கப்பா எனக்குக் கொடுத்தது. திரும்ப வாங்கிக்கிறியா?’ மாவட்ட ஆட்சியருக்கும் போலீஸுக்கும் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து, விதிமுறைப்படி கைமாற்றினார்கள். அன்றைக்கு வாங்கின அதே விலைக்குக் கொடுத்தாராம். எழுபதுகளின் விலைக்கு!

“கஷ்டத்துல வித்தவன்கிட்ட லாபம் பார்க்கலாமா? ஆனா ஒண்ணு... இன்னிக்கும் பீரோவைத் திறந்தா கண்ணு முதல்ல அந்தக் காலி இடத்துக்குத்தான் போகுது.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மார்க் போட்டதெல்லாம் முடிவெடுக்க இல்லை. எதை இழக்கிறோம்னு தெரிஞ்சுக்கிட்டு இழக்கணும்னுதான் போட்டிருக்கிறார்.

இப்ப பேரன் டர்ன்

கதை இங்கே முடிஞ்சுதுன்னு நினைச்சா, தாத்தா அடுத்த குண்டைப் போட்டார் (தோட்டா இல்லை, பயப்படாதீங்க).

2016-ம் வருட ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 70 வயசு ஆகிவிட்டாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ, வாரிசைச் சொல்லி அவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். ஆனால், வாங்குகிறவருக்கு 21 வயசு நிறைந்திருக்க வேண்டும். ரூம்மேட்டுக்கு அடுத்த வருஷம் 21. அவன் அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டம் இல்லை. ‘எனக்கு வேண்டாம்ப்பா’ என்று அன்றைக்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“அப்புறம் என்னடா, வாங்கிக்கோ! செம கெத்து!” என்று நான் அவன் முதுகில் தட்டினேன். தாத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க!

“கெத்தா? தேர்தல் அறிவிச்சா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும், ரசீது வாங்கணும், முடிஞ்சதும் போய் மீட்டுட்டு வரணும். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா லைசென்ஸைப் புதுப்பிக்கணும். பாதுகாப்புப் பயிற்சி எடுக்கணும். வீட்ல குழந்தை இருந்தா சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டுத் தூங்கணும். தோல் உறையில போட்டு வெச்சா துரு ஏறும், தோல்ல இருக்கிற கெமிக்கலும் ஈரமும் இரும்பைத் தின்னுடும். வெறுங்கையால தொட்டா வேர்வை உப்புக்கே புள்ளி விழும். மழைக்காலத்துல மாசம் ரெண்டு தடவை எண்ணெய்த் துணி போடணும். இது நகை இல்ல கண்ணு, பொறுப்பு. ஆளைக் கொல்றதுக்குன்னு செஞ்ச சாமான். அதை மறந்தவன் வெச்சுக்கக் கூடாது.”

சினிமாவில் ஹீரோ ஆறு அறை ரிவால்வரில் இருபது குண்டு சுடுவதைப் பார்த்துக் கைத்தட்டுகிற கூட்டம் நாம். இந்தப் பட்டியலை எந்த சினிமாவும் காட்டியதில்லை.

ரூம்மேட் வாயைத் திறக்கவில்லை. கேம்பஸில் பெங்களூருக் கம்பெனிகள் வர ஆரம்பித்துவிட்டன. வேலை கிடைத்தால் நாலு பேர் தங்குகிற பி.ஜி. ரூம். அங்கே ரிவால்வருக்கு எங்கே பீரோ? சூட்கேஸையே கட்டிலுக்கு அடியில்தான் வைக்கணும்.

“வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. நான் வருத்தப்பட மாட்டேன். எனக்காகன்னு வாங்கிட்டு, நாலு வருஷம் கழிச்சுத் துருப்பிடிக்க விட்டா, அப்ப வருத்தப்பட நான் இருக்க மாட்டேன்” என்றார் தாத்தா.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு ரூம்மேட் தூங்கவே இல்லை. நானும்தான். “கோல்ட்தான் பெஸ்ட் பீஸுடா, அதை விடாதே” என்று என் பங்குக்கு இலவச ஆலோசனை வழங்கினேன். நல்லவேளை, அவன் என் பேச்சை எப்போதுமே கேட்பதில்லை.

காலையில் காபி குடிக்கும்போது சொன்னான். “தாத்தா, ரெண்டு வரைக்கும் வெச்சுக்கலாம்னு சட்டம் சொல்லுது. எனக்கு ஒண்ணு போதும். வெப்ளியை என் பேருக்கு எழுதிக் கொடுங்க. வேலைக்குப் போயிட்டாலும் அது இங்கயே, இந்த அட்ரஸ்லயே பீரோவுல இருக்கணும். அதுக்கு என்ன ரூல்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுட்டு அப்ளை பண்றேன். மாசா மாசம் வந்து எண்ணெய் போடுறேன். கோல்ட்டை அந்தச் சீட்டோட சேர்த்து, நல்லாப் பார்த்துக்கிற ஒருத்தருக்குக் கொடுத்துடலாம். அவரை நாம ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவோம்.”

“சுட முடியாததை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?” தாத்தாவே கேட்டார்.

“சுட வேணாமே. கைப்பிடியில கொள்ளுத் தாத்தாவோட கட்டை விரல் தேஞ்ச இடம் இருக்கு. அதை வேற யாருக்கும் விக்க முடியாது. வாங்குறவனுக்கு அது வெறும் தேய்மானம்.”

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். எண்ணெய்த் துணியோடும் அந்தக் கோடு போட்ட நோட்டோடும் திரும்பி வந்தார். நோட்டில் புதுப் பக்கம் எடுத்துத் தேதி போட்டு, பேனாவைப் பேரனிடம் நீட்டினார். “எழுதிக்கோ. இது எங்கப்பா எப்ப வாங்கினாருன்னு சொல்றேன்.”

மதியம் பஸ் ஏறுகிற வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தான். பதினோரு பக்கம்!

உங்க வீட்ல ரிவால்வர் இருக்காது. இருக்கவும் வேண்டாம். ஆனால், பரணில் ஒரு வால்வு ரேடியோ, கீ கொடுக்கிற ஹெச்.எம்.டி. வாட்ச், ஃபிலிம் கேமரா, பாட்டியோட தையல் மெஷின்... ஏதோ ஒண்ணு கட்டாயம் இருக்கும். எல்லாத்தையும் வைத்துக்கொள்ள முடியாதுதான், ரெண்டு ரூம் ஃப்ளாட்டில் இடம் ஏது? எதை வைத்துக்கொள்வது, எதை யாரிடம் கொடுப்பது என்று ஒருநாள் முடிவு பண்ணித்தான் ஆகணும். காயலான் கடைக்காரர் தெருவில் குரல் கொடுப்பதற்கு முன்னாடி, அதோட கதை தெரிஞ்ச ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுடுங்க.

அடுத்த லீவுக்கு நானும் ஊருக்குப் போறேன். எங்க பரணில் ஒரு பழைய சைக்கிள் டைனமோ இருக்கு. தாத்தாவோடது. அது எந்த சைக்கிளில் இருந்ததுன்னு அப்பாவுக்குத் தெரியலையாம். பாட்டிக்குத் தெரியும். அவங்களுக்கு 81 வயசு!

கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்.